முந்திக் கொடுத்த முடி

ஜாசின்
18 டிசம்பர் 2023

அன்புத் தம்பி நிவேனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், இனிமேல் உனக்கென்ன குறை.

கையில் ஃபோனை வைத்துக்கொண்டு இவள் ஏன் ஈமெயிலில் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிக்காதே. நம் வீட்டு ஃபோன் கதை உனக்குத் தெரியாததா? காதில் வைத்துப் பேசினால் அம்மாவுக்குப் பேசின மாதிரியே இருக்காது, ஸ்பீக்கரில் போட வேண்டும். ஸ்பீக்கரில் போட்டால் பக்கத்து வீட்டுப் பெரியநாயகி அக்கா வேலியோரம் துணி காயப்போட வந்துவிடுவார். காய்ந்த துணியையே மறுபடியும் காயப்போடுவார். அதனால் தலைமையாசிரியர் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்துப் பள்ளி ஆபீஸில் உட்கார்ந்து இதைத் தட்டுகிறேன். ஃபைல் கட்டுகிற இந்தக் கிராணி வேலையில் எனக்கு இருக்கிற ஒரே சுகம் இதுதான்.

நீ தாய்லாந்திலிருந்து கூப்பிட்டு, "பாஸாயிட்டேன்ம்மா" என்றாயே, அம்மா போட்ட சத்தத்தில் உன் லைனே அறுந்துவிட்டது. அன்றைக்குத்தான் எங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தது. நீ கோல்ஃபில் டூர் கார்டு வாங்கிவிட்டால் முடி தருகிறேன் என்று தோட்டத்து மாரியம்மனிடம் அம்மா நேர்ந்து வைத்திருக்கிறார். யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் விடிந்ததும் கோயிலுக்குப் போனார், நானும் கூடப் போனேன். உட்கார்ந்தால் தரையைத் தொடும் அந்த முடியைப் பூசாரி ஒரு தாம்பாளத்தில் வாங்கிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அம்மா மட்டும் கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி தலையில் சந்தனம் பூசிக்கொண்டு சிரித்தார்.

நீ வீடியோவில் பார்த்துவிட்டு, "அழகா இருக்கும்மா" என்று சொன்னாய் அல்லவா, அதை இன்னும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கோல்ஃப் கிளப்பில் தன்னோடு களை பிடுங்குகிற பெண்களிடம் தலைத் துண்டை அவிழ்த்துக் காட்டுகிறாராம்.

இன்னொன்று. ஜாசின் பாசார் முனையில் உனக்கு பேனர் வைத்திருக்கிறோம். செலவு கோயில் கமிட்டி, ஏற்பாடு நான். "கோல்ஃப் டூரில் தேர்ச்சி பெற்ற எங்கள் தோட்டத்து மைந்தன் நிவேந்திரன்." உன் நல்ல படம் எதுவும் கிடைக்கவில்லை. சித்தி மகள் ஜானகி கல்யாணத்தில் ஜிப்பா போட்டு நின்றாயே, அந்தப் படத்தின் கையில் கோல்ஃப் மட்டையை ஒட்டிவிட்டார்கள். மட்டை தலைகீழாக இருக்கிறது, கண்டுகொள்ளாதே. சனிக்கிழமை அம்மாவைக் கடலோரம் உம்பாய்க்குக் கூட்டிப்போய்ச் சுட்ட மீன் வாங்கிக் கொடுத்தேன். உன் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

எப்போது வருகிறாய்?

உன் அக்கா,
பவானேஸ்வரி


தாய்லாந்து
20 டிசம்பர் 2023

அக்காவுக்கு,

இதைப் படித்ததும் அழித்துவிடு.

நான் இன்னும் கார்டு வாங்கவில்லை.

இந்தத் தேர்வுக்கு கியூ ஸ்கூல் என்று பெயர். ஸ்கூல் என்பதால் ஒரு பரீட்சை எழுதினால் முடிந்தது என்று அம்மா நினைத்துவிட்டார். அது இரண்டு கட்டம், அக்கா. முதல் கட்டத்தில் தேறினால் இறுதிக் கட்டத்தில் ஆட இடம் கிடைக்கும், அவ்வளவுதான். இறுதிக் கட்டத்தில் முன்னால் வருகிற கொஞ்சம் பேருக்குத்தான் கார்டு. அது கையில் இருந்தால்தான் வருஷம் முழுக்கப் பெரிய போட்டிகளில் ஆடலாம். இல்லாவிட்டால் நான் பழைய நிவேன்தான்.

அன்றைக்கு நான் பாஸானது முதல் கட்டம். "பாஸாயிட்டேன்ம்மா" என்று ஆரம்பித்தேன், மிச்சத்தைச் சொல்ல அம்மா விடவில்லை. சரி, நாளைக்கு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் மறுநாள் வீடியோவில் கூப்பிட்டேன். திரையில் மொட்டைத் தலையோடு அம்மா. ஒரு நிமிஷம் யாரென்றே தெரியவில்லை. ஏன் என்று நான் கேட்பதற்குள் அம்மாவே சொன்னார், உனக்காகத்தான் என்று. அதற்குப் பிறகு நான் எப்படி வாயைத் திறப்பேன்? வாயில் வந்தது அந்த ஒரு பொய்தான், அழகா இருக்கும்மா என்று. ஃபோனை வைத்துவிட்டுக் குளியலறையில் போய் நின்றுகொண்டேன்.

இறுதிக் கட்டம் ஜனவரியில். அதில் வாங்கிவிட்டால் சொன்னதெல்லாம் உண்மையாகிவிடும். பேனர் பொய்யில்லை, அம்மாவின் முடியும் பொய்யில்லை. கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் அக்கா. அம்மாவிடம் சொல்லாதே. உன் காலில் விழுகிறேன்.

நிவேன்


ஜாசின்
21 டிசம்பர் 2023

டேய் நிவேன்,

அன்பும் பண்பும் இன்றைக்கு இல்லை. நேரில் இருந்திருந்தால் விளக்குமாறு பிய்ந்திருக்கும்.

நேற்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகிறேன். பாசார் முனையில் நீ ஜிப்பா போட்டுக்கொண்டு தலைகீழ் மட்டையோடு சிரிக்கிறாய். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது, அந்த பேனரை வைக்க அலைந்தவளே நான்தான். கடைக்காரர் வேறு, "தம்பி எப்ப டிவில வரும்?" என்று கூப்பிட்டுக் கேட்டார்.

வீட்டில் அம்மா அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தார். தன் சீப்பை எடுத்துப் பழைய துணியில் சுற்றி உள்ளே வைத்தார். "இது இப்பத்திக்கு வேலையில்லாம கெடக்கும்லா" என்று சிரித்தார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தலையைப் பார்த்ததும் எனக்கும் உன் கதிதான், அடுப்படிக்குப் போய்விட்டேன்.

சரி, சொல்லவில்லை. இனி நானும் கூட்டுக் களவாணி. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் ஆத்தாளின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை. நீ ஜெயித்துவிட்டு வா. நம் இரண்டு பேருக்கும் வேறு வழி இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. கோபம் வேறு, சாப்பாடு வேறு.

பவா


தாய்லாந்து
22 ஜனவரி 2024

அக்கா,

முடிந்துவிட்டது. கிடைக்கவில்லை.

ஒரே அடியில் தவறவிட்டிருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு கதையாவது இருந்திருக்கும், கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். எனக்கு அதுவும் இல்லை. முடிவுப் பட்டியலில் என் பெயரைப் பார்க்க வேண்டுமென்றால் திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

முதல் நாள் நன்றாகத்தான் ஆடினேன். தூரத்தில் இருக்கும்வரை ஒன்றுமில்லை. குழிக்குப் பக்கத்தில் வந்து, மழித்து வைத்த அந்தப் புல்லில் குனிந்து நின்றால் அம்மாவின் தலைதான் தெரிகிறது. வழவழவென்று, சந்தனம் பூசி. சின்னப் பிள்ளைகூடப் போட்டுவிடும் தூரத்தில் பந்து நிற்கும், நான் குழியைத் தாண்டி அடித்துவிடுவேன். கூட ஆடிய பையன் நல்லவன், வேறு பக்கம் பார்ப்பதுபோல் நடித்தான். அவன் இரக்கப்பட்டதுதான் எனக்கு அவமானமாகப் போயிற்று.

இதை எழுதும்போதே ஒன்று தோன்றுகிறது. தோற்றதற்கும் அம்மாவின் தலையைத்தான் காரணம் சொல்கிறேன் பார். கேட்கவே வெட்கமாக இருக்கிறது. ஆடியது நான், அக்கா. அந்தளவுக்குத்தான் என் ஆட்டம்.

இப்போது வீட்டுக்கு வர மாட்டேன். எந்த முகத்தோடு வருவது? ஜொகூரில் ஒரு நண்பன் வேலை பார்த்துத் தருவதாகச் சொல்கிறான். போட்டிகளுக்குப் பயிற்சி எடுக்கிறான் என்று அம்மாவிடம் சொல்லிவை.

நிவேன்


ஜாசின்
19 பிப்ரவரி 2024

தம்பிக்கு,

தோற்றதற்கு நான் உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆட்டம் என்றால் அப்படித்தான். நானும் கவர்மெண்ட் பரீட்சையில் தோற்றவள்தான், அதற்காகச் செத்தா போனேன்? மற்றதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அம்மா டிவி ரிமோட்டை வைத்துக்கொண்டு, எந்தச் சேனலில் கோல்ஃப் காட்டுவான் என்று கேட்கிறார். நம் வீட்டில் அந்தச் சேனல் வராது என்று சொல்லிவைத்தேன். உடனே பெரியநாயகி அக்கா, "எங்க வீட்ல வரும், வந்து பாரு குஞ்சு" என்று அம்மாவைக் கூப்பிடுகிறார். இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் உட்கார்ந்து எவனோ வெள்ளைக்காரன் ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். நீ வரவே இல்லையாம். நாளைக்கு வருவான் என்று அம்மாவே தன்னைத் தேற்றிக்கொண்டார்.

நான் சொல்லிவிடட்டுமா? சொல்லு என்று ஒரு வார்த்தை எழுது, பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். நீயே சொன்னால் இன்னும் நல்லது.

பவா


ஜொகூர்
12 மே 2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதங்களுக்குப் பதில் போடாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். போட என்ன இருக்கிறது?

இங்கே பந்தடித்துப் பழகுகிற இடத்தில் பணக்காரப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். முதலாளி நல்ல மாதிரி. எந்த ஊர் என்று கேட்டார், சிகாமாட் என்று சொன்னேன். ஜாசின் என்று சொன்னால் அவருக்குத் தெரிந்தவர் யாராவது அந்த பேனரைப் பார்த்திருப்பார்களோ என்று பயம். இப்படி ஊர்ப் பெயரைக்கூட மறைத்துக்கொண்டு இருக்கிறேன்.

ஞாயிறுதோறும் அம்மாவிடம் பேசுகிறேன். அடுத்த மேட்ச் எப்போது என்று கேட்பார். ஸ்பீக்கரில் பெரியநாயகி அக்கா மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்கும். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கூப்பிடுகிறேன். இவ்வளவு நாள் கழித்துச் சொன்னால், ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பார். தோற்ற அன்றைக்கே சொல்லியிருந்தால் அது வெறும் தோல்வி, இப்போது அது ஏமாற்று.

தீபாவளிக்குள் கட்டாயம் சொல்லிவிடுவேன். அதுவரை நீ சொல்லாதே.

நிவேன்


ஜாசின்
5 ஆகஸ்ட் 2024

நிவேன்,

நேற்று தோட்டத்துக் கோயில் திருவிழா. தீபாவளி வரைக்கும் உனக்குக் காத்திருக்க நேரமில்லாமல் போய்விட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இந்த வருஷம் முதல் மரியாதை நம் வீட்டுக்கு என்று கமிட்டித் தலைவர் கணேஸ்வரன் போன மாதமே வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் எதையெதையோ சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்த்தேன். அம்மா கேட்கவில்லை. பிள்ளை வர முடியாவிட்டால் என்ன, அவனுக்காக நான் வாங்கிக்கொள்கிறேன் என்று புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். முடி இப்போது காதைத் தொடுகிற அளவுக்கு வளர்ந்திருக்கிறது. துண்டு கட்டாமல்தான் வந்தார்.

ரெம்பியா, அலோர் காஜா பக்கம் போய்விட்ட பழைய தோட்டத்து ஆட்கள்கூட வந்திருந்தார்கள். கோயில் நிறையக் கூட்டம். தலைவர் மைக்கில் உன்னைப் பற்றிப் பேசிவிட்டு மாலையைக் கையில் எடுத்தார். அப்போது கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த அவர் மருமகன் பக்கத்தில் போய்க் காதில் ஏதோ சொன்னான். அவனும் கோல்ஃப் ஆடுகிறவனாம். மாமனாரை அவமானப்படாமல் காப்பாற்றத்தான் மெல்லச் சொன்னான் பாவம். ஆனால் மைக் அணைக்கவில்லை. "மாமா, டூர் லிஸ்ட்ல இந்தப் பேரே இல்ல. ஜனவரியிலயே ஃபெயில் ஆயிட்டாரு" என்று கோயில் முழுக்கக் கேட்டது. வெளியே மரத்தில் கட்டிய ஸ்பீக்கரிலும் கேட்டிருக்கும்.

நாதஸ்வரக்காரர்கூட வாசிக்க எடுத்ததைக் கீழே இறக்கிவிட்டார். தலைவர் மாலையைப் பிடித்தபடி நிற்கிறார், போடவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. அம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவே அவருக்குப் பதிலாகிவிட்டது.

அம்மா அழவில்லை. தலைவரிடம் சொன்னார், "நேந்துக்கிட்டது நான், முடி குடுத்தது நான். பையன் இன்னும் வாங்கல. மாலைய ஆத்தாளுக்குப் போடுங்க, அவளுக்கு எப்பவும் தகும்." அப்படியே கூட்டத்துக்கு நடுவில் நடந்து வெளியே வந்தார். நான் செருப்பைக்கூடத் தேடாமல் பின்னால் ஓடினேன்.

வீட்டுக்கு வந்ததும் சேலையை மடித்து வைத்தார், சோறு வடித்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு கட்டம், உன் கடிதம், நான் மறைத்தது எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்றுதான் கேட்டார். "என் மொட்டத் தலைய பாத்துக்கிட்டேதான பேசுனான்? பாத்துக்கிட்டேதான அழகா இருக்குன்னான்?"

தோற்றது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை நிவேன். இதுதான் அவருக்குத் தாங்கவில்லை. எனக்கும் சேர்த்துத்தான் கேட்டார் என்று தோன்றுகிறது, நானும் தினமும் அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். இன்று காலையில் பாசார் முனைக்குப் போய் பேனரைக் கழற்றச் சொன்னேன். வெயிலில் உன் முகம் வெளுத்து, மட்டை மட்டும்தான் தெரிந்தது.

அம்மா உன் ஃபோனை எடுக்க மாட்டார். கூப்பிட்டுப் பார்க்காதே.

பவா


ஜொகூர்
6 ஆகஸ்ட் 2024

அக்கா,

கூப்பிடாதே என்று நீ எழுதியும் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றுவிட்டது. நம் வீட்டில் ஃபோன் அடித்து யாரும் எடுக்காமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

உன்னையும் இதில் இழுத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் உன்னை யாராவது ஏதாவது கேட்டார்களா? நீ எழுத மாட்டாய், எனக்குத் தெரியும். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு தலைவர் நின்றார் என்று எழுதியிருந்தாயே, அதற்குமேல் என்னால் படிக்க முடியவில்லை. மறுநாள் காலையில்தான் மிச்சத்தைப் படித்தேன்.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு பஸ் ஏறுகிறேன். வீட்டுக்கு வரவில்லை, நேராகத் தோட்டத்துக் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொள்கிறேன். அம்மா கொடுத்ததற்கு நான் கொடுக்கிறேன். அதன் பிறகுதான் அம்மா முன்னால் வந்து நிற்பேன். இதைத் தவிர வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டுச் சொல்.

நிவேன்


ஜாசின்
8 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பி நிவேனுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். மொட்டை என்ற இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன், என் சரக்கு இதில் எதுவும் இல்லை.

"முடியெல்லாம் வேணாம்னு சொல்லு. மொட்ட அடிச்சுக்கிட்டு வந்து நின்னா ஊரே பாவம் பாவம்னு சொல்லும், அவன் ஒண்ணுமே சொல்ல வேண்டியதில்ல. அதுக்குத்தான் பாக்குறான். முந்திக் குடுத்துட்டது என் அவசரம். ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். அவன் என்கிட்ட பேசட்டும்."

என்ன பேச வேண்டும் என்று கேட்டேன்.

"பாஸாயிட்டேன்ம்மான்னு ஃபோன்லதான சொன்னான். பாஸாகலம்மான்னு அதே ஃபோன்ல சொல்லட்டும்."

அவ்வளவுதான் நிவேன், அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நாளைக்கு பஸ் ஏறாதே. இன்றைக்குச் சாயங்காலம், அம்மா வேலை முடிந்து வந்து குளித்த பிறகு, கூப்பிடு. ஸ்பீக்கரில்தான் இருக்கும். காதில் வைத்துப் பேசுங்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்க மாட்டேன் என்கிறார். அன்றைக்கு எல்லாரும் கேட்டார்கள், இன்றைக்கும் எல்லாரும் கேட்கட்டும் என்கிறார். பெரியநாயகி அக்கா வேலியோரம்கூட இல்லை, நேராக உள்ளேயே வந்து உட்காருவார். அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. பொறுத்துக்கொள். நானும் அங்கேதான் இருப்பேன். எனக்கும் உன் அளவு வெட்கம் இருக்கிறது.

உனக்குப் பயமாக இருக்கும், தெரியும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். இன்று காலையில் நான் ஆபீஸுக்குக் கிளம்பும்போது அம்மா அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். "அந்தச் சீப்ப எங்கடி வச்சேன்? சாயங்காலம் பையன் கூப்புடுவான்ல" என்றார்.

உன் அக்கா,
பவானேஸ்வரி